வயிறும் இல்லை, ஊரும் இல்லை

விடியற்காலை நாலரை மணிக்குப் போன் அடித்தால் எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி என்றுதான் நினைப்போம். பதறி எடுத்தேன். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்ட வரும் பெண்மணி பேசினார்.

"சாரே, ஷெட்டுக்க செவத்துல ஒரு சாதனம் இருக்கு. பாம்பா பட்சியான்னு தெரியல்ல. ரெண்டு தல இருக்கு. நீங்க வந்து பாத்தாத்தான் நான் உள்ள கேறுவேன்."

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில் எனக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர் உண்டு. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவனுக்கு அதுதான் பொழுதுபோக்கும் பென்ஷனுக்கு மேல் வரும் சில்லறையும். டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்தேன். 2017 அக்டோபர், புரட்டாசி முடியப்போகும் சமயம். முந்தின இரவு பெய்த மழை இலைகளிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஷீட் அடிக்கும் ஷெட்டில், டியூப்லைட்டுக்கு ஒரு முழம் கீழே, சுண்ணாம்புச் சுவரில் அது ஒட்டியிருந்தது. செங்கல்லும் கருப்பட்டியும் கலந்த நிறம். நான்கு இறக்கைகளையும் விரித்து, சுவரில் மாட்டிய படம் மாதிரி அசையாமல் இருந்தது. முன்னிறக்கைகளின் நுனி வளைந்து நீண்டு, அதில் கண் போல ஒரு கரும்புள்ளி, வாய் போல ஒரு கோடு. பாதி இருட்டில் பார்த்தால் இரண்டு பாம்புகள் எதிரெதிர்த் திசையில் தலைநீட்டுவது மாதிரிதான் இருக்கும். மலையாளத்தில் இதற்கு நாகசலபம் என்று பெயர். சீனத்தின் கான்டன் பக்கத்திலும் பாம்புத்தலைப் பூச்சி என்றே அழைக்கிறார்களாம். பறவைகள் இதை நிஜமாகவே பாம்பென்று நம்பி ஓடுகின்றனவா என்பது வேறு கேள்வி. பால்வெட்டுக் கத்தியோடு ஒரு மனுஷி பத்தடி தள்ளி நின்றதை நான் கண்டேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஸ்கேலை அருகில் பிடித்து அளந்தேன். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்கு 19 சென்டிமீட்டர். மீசை இரண்டும் தென்னங்கீற்று மாதிரி அகலமாகப் பிரிந்திருந்தன. ஆண். பெண்ணென்றால் உடல் பருத்து, இறக்கை இன்னும் அகன்று, மீசை ஒடுங்கியிருக்கும். "ஒண்ணும் செய்யாது, அட்லஸ் அந்துப்பூச்சி" என்று அவரிடம் சொன்னேன். வகுப்பில் எத்தனையோ வருஷம் சொல்லிப் பழகிய பெயர், யோசிக்காமல் வந்துவிட்டது.

அது தப்பு என்று தெரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

முதலில், தப்பாக இல்லாததைச் சொல்லிவிடுகிறேன். இது வண்ணத்துப்பூச்சி அல்ல. வருஷத்துக்கு ஒருமுறையாவது யாராவது இதைப் படமெடுத்து, "உலகின் மிகப்பெரிய வண்ணத்துப்பூச்சி" என்று செய்தி வந்துவிடுகிறது. அந்த மூன்று சொற்களில் இரண்டு பிழை. வண்ணத்துப்பூச்சியின் மீசை நுனியில் குமிழ் இருக்கும், இதற்குச் சீப்புப் பல் மாதிரி இருக்கிறது. மிகப்பெரியதும் இல்லை. இறக்கை விரிப்பில் தென்னமெரிக்காவின் வெள்ளைச் சூனியக்காரி என்ற அந்துப்பூச்சி இதை முந்தும். இறக்கைப் பரப்பில் நியூகினியிலும் வட ஆஸ்திரேலியாவிலும் உள்ள ஹெர்குலிஸ் பூச்சி போட்டிக்கு நிற்கும். பெரிய பூச்சிதான், சந்தேகமில்லை. பட்டம் கொடுக்கும் அவசரம்தான் நமக்குக் கூடுதல்.

அந்துப்பூச்சிகளில் இது சட்டர்னிடே என்ற குடும்பம். காட்டுப்பட்டுப் பூச்சிகளின் குடும்பம் என்று சொன்னால் எளிதில் விளங்கும். நம் வீட்டுப் பட்டுச்சேலைக்கு நூல் தரும் முசுக்கொட்டைப் பட்டுப்புழு இதன் தூரத்து உறவு, வேறு குடும்பம். டசார், அசாமின் மூகா, எரி ஆகிய மூன்று பட்டுகளும் சட்டர்னிடே தருபவை. இந்தக் குடும்பத்துக்கு ஒரு விசித்திரமான அடையாளம் உண்டு. வளர்ந்த பூச்சிக்கு வாய் உபயோகப்படாது. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்பை வைத்து ஒரு வாரம், மிஞ்சினால் பத்துப் பன்னிரண்டு நாள் பிழைக்கும். அதற்குள் பெண் ஓரிடத்தில் உட்கார்ந்து வாசனையைக் காற்றில் விட, ஆண் அந்தத் தென்னங்கீற்று மீசையால் அதை மோப்பம் பிடித்துத் தேடிப்போக வேண்டும். கல்யாணம் முடிந்து, முட்டையிட்டால் கதை முடிந்தது. சோறில்லாத கல்யாணம் என்று வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சும் சிரிக்கும்.

குடும்பத்துக்குள் இன்னும் ஒரு படி இறங்கினால் அட்டாசினி என்ற கிளை. இதன் பல உறுப்பினருக்கு இறக்கைக்கு நடுவே செதிலே இல்லாத கண்ணாடிச் சன்னல்கள் இருக்கும். எங்கள் ஷெட் பூச்சிக்கு நான்கு இறக்கையிலும் ஒவ்வொரு முக்கோணச் சன்னல். வேறு பூச்சி இறக்கையைத் தொட்டால் கையில் பொடி ஒட்டும், அது செதில். இந்தச் சன்னலில் ஒட்ட ஒன்றுமில்லை. பின்னால் இருந்த சுண்ணாம்புச் சுவர் அதன் வழியே தெரிந்தது. ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும்கூட இந்தக் கிளையில் பூச்சிகள் உண்டு. எரிப்பட்டு தரும் சாமியா இதே கிளைதான். எரிப்புழு ஆமணக்கு இலை தின்னும், மரச்சீனி இலையும் தின்னும். எங்கள் மாவட்டத்தில் மரச்சீனிக் கிழங்குக்குப் பஞ்சமில்லை. இலையை ஆட்டுக்குப் போடும் வீடுகள் பட்டு வளர்க்காதது எனக்கு ஒரு மனக்குறை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஷெட் பூச்சியும் பட்டு நூற்பதுதான். பழுப்பு நிறக் கூடு, இலையோடு சேர்த்துக் கட்டி, காம்பில் ஒரு நூல்தண்டால் உறுதியாகத் தொங்கவிட்டிருக்கும். ஃபகாரா பட்டு என்பார்கள். நூல் ஒரே இழையாக வராததால் அவிழ்த்துச் சுற்ற முடியாது, பஞ்சு மாதிரி நூற்கத்தான் வேண்டும். தைவானில் காலிக் கூட்டையே சில்லறைப் பையாக வைத்திருப்பார்களாம். என் கிணற்றடிக் கருவா மரத்தில் அப்படி மூன்று கூடுகளைப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்பே, வெளிறிய பச்சையில், மேலே அரிசிமாவு தூவினாற்போல் வெள்ளைப்பொடி பூத்த, விரல் தடிமன் புழுக்கள் அந்த மரத்தை மொட்டையடித்ததையும் பார்த்திருக்கிறேன். அப்போது திட்டினேன். யாரைத் திட்டுகிறேன் என்று தெரியாது.

மேலே சொன்ன குடும்பமும் கிளையும் பள்ளிக்கூட அறிவுக்கு எட்டும். அட்டாகஸ் என்ற பேரினம் வரை நானே வந்துவிட்டேன். கடைசிப் படியில்தான் சறுக்கினேன்.

ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் தன் பெரும்பட்டியலின் பத்தாம் பதிப்பில் இந்தப் பெரிய பூச்சிக்கு அட்லஸ் என்று பெயர் வைத்தார். வானத்தைத் தோளில் சுமக்கும் கிரேக்கப் பூதத்தின் பெயர். அன்றைக்குப் பெரும்பாலான அந்துப்பூச்சிகளை ஃபலேனா என்ற ஒரே மூட்டையில் போட்டிருந்தார், ஆகவே அது ஃபலேனா அட்லஸ். பிறகு மூட்டை பிரிக்கப்பட்டு, இது அட்டாகஸ் அட்லஸ் ஆனது. இன்று முழுப்பெயரை அட்டாகஸ் அட்லஸ் (லின்னேயஸ், 1758) என்று எழுதுகிறார்கள். அந்த அடைப்புக்குறிக்கு அர்த்தம் உண்டு. பெயர் வைத்தவர் வேறு பேரினத்தில் வைத்தார், பின்னால் இடம் மாறிவிட்டது என்று பொருள். மாறாவிட்டால் அடைப்புக்குறி போடக்கூடாது. அச்சுப் பழக்கம் என்று நினைத்து மாணவர்களுக்கு நான் கண்டபடி எழுதிப்போட்டிருக்கிறேன். அதற்கு மதிப்பெண்ணும் கொடுத்திருக்கிறேன்.

இமயத்தின் அடிவாரத்திலிருந்து தென்சீனம், மலேயா, இந்தோனேசியா என்று அட்லஸின் ராஜ்யம் பெரியது. அதற்குப் பக்கத்துப் பக்கத்தில் பங்காளிகள் நிறைய. சுலவேசியில் எரிபஸ், திமோரில் டொகர்ட்டி, பிலிப்பைன்ஸில் சீசர், அந்தமானில் மக்மல்லனி, ஆஸ்திரேலியாவின் வடக்கோரத்தில் வார்டி. ஒரு கடல் தாண்டினால் ஒரு பெயர் என்கிற கணக்கு. இமயத்துப் பெரிய கறுப்புப் பூச்சி ஒன்றும் முதலில் அட்டாகஸில்தான் இருந்தது. 1914இல் அதைப் பிரித்து ஆர்க்கியோஅட்டாகஸ் என்று தனிக்குடித்தனம் வைத்துவிட்டார்கள்.

தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய பங்காளியின் பெயர் தப்ரபானிஸ். வைத்தவர் ஃபிரெடரிக் மூர். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அருங்காட்சியகத்தில் 1848 முதல் வேலை பார்த்தவர். 1880க்கும் 1887க்கும் இடையில் இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் மூன்று பெரிய தொகுதிகளில் எழுதி முடித்தார். அதில் இரண்டாம் தொகுதியில் இது இருக்கிறது. அட்டாகஸ் தப்ரபானிஸ் மூர், அடைப்புக்குறி இல்லாமல். அந்தத் தொகுதிகளின் வண்ணப்படங்களுக்கு மூலம் வரைந்தவர்கள் பேராதனைத் தாவரத் தோட்டத்து ஓவியர் குடும்பம் ஒன்று. ஹர்மானிஸ் டி அல்விஸ் என்ற சிங்கள ஓவியர் தோட்டத்தின் செடிகளைப் பல்லாண்டு வரைந்தார். அவருடைய மக்கள் வில்லியமும் ஜார்ஜும், தோட்டத்தின் இயக்குநர் த்வைட்ஸின் மேற்பார்வையில், பூச்சிகளையும் புழுக்களையும் வரைந்தார்கள். செத்த பூச்சியின் நிறம் பெட்டியில் வெளுத்துவிடும். புழுவோ காய்ந்தால் ஒன்றுக்கும் ஆகாது. உயிரோடு பார்த்து வரைந்தவர்கள் பேராதனையில் இருந்ததால்தான் லண்டன் மேசைக்கு அந்த விவரம் போய்ச் சேர்ந்தது.

தப்ரபானிஸ் என்றால் தப்ரபனேக்கு உரியது. பழைய கிரேக்கர்கள் இலங்கையைத் தப்ரபனே என்றார்கள். அது பாலியில் தம்பபண்ணி, வடமொழியில் தாம்ரபர்ணி. எங்கள் குழித்துறையில் ஓடுவது தாமிரபரணி, மலைக்கு அந்தப்பக்கம் நெல்லைச் சீமையில் ஓடுவதும் தாமிரபரணி. ஆற்றுக்கும் தீவுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது என்று அறிஞர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் கருத்துச் சொல்லத் தகுதியில்லை. ஆனால் என் ஷெட்டிலிருந்து கல்லெறி தூரத்தில் ஓடும் கோதையாறு போய்ச் சேரும் ஆற்றின் பெயர் அந்தப் பூச்சியின் மேல் ஒட்டியிருக்கிறது, நான் அதைக் கிரேக்கப் பூதத்தின் பெயரால் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்!

என் கட்சிக்கும் கொஞ்சம் நியாயம் உண்டு. மூர் பெயர் வைத்த பிறகும் பலகாலம் நிறையப் பேர் அதை அட்லஸின் துணையினமாகவே எண்ணினார்கள். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்த வந்து, அந்துப்பூச்சி மேல் பித்தாகிப்போன ஹாம்ப்சன், 1892 முதல் பிரிட்டிஷ் இந்தியாவின் அந்துப்பூச்சிகளைத் தொகுதி தொகுதியாக எழுதினார். அவர் காலத்து ஆட்களுக்கு இறக்கைக் கோலம்தான் முக்கியம், கோலமோ இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்று. 1989இல் அமெரிக்கரான ரிச்சர்ட் பைக்லர் அட்டாகஸ் பேரினம் முழுவதையும் எடுத்து வைத்து மறுபரிசீலனை செய்து ஒரு நூலே எழுதினார். தப்ரபானிஸைத் தனி இனமாக அதில் நிறுத்தினார். மூருக்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேல்.

இறக்கையை நம்பாமல் எதை நம்பினார்கள்? இங்கேதான் பள்ளிப் பாடப்புத்தகம் வெட்கப்பட்டு நிறுத்திவிடும். ஆண்பூச்சியின் வால்நுனியில், உள்ளே மடங்கியிருக்கும் இனவுறுப்பு. இறக்கை நிறம் புழு தின்ற தழைக்கும், கூட்டுப்புழுக் காலத்து வெயிலுக்கும் மழைக்கும் தக்கபடி மாறும். ஒரே தாய் வயிற்றுப் பூச்சிகளில் ஒன்று வெளுப்பு, ஒன்று கருப்பு. உள்ளே இருக்கும் கடினமான தகடுகளும் கொக்கிகளும் ஓரினத்துக்குள் அவ்வளவாக மாறுவதில்லை. அதனால் பூச்சியியல்காரர்கள் முகத்தைப் பார்க்குமுன் அதைப் பார்த்துவிடுவார்கள்.

அந்தப் பரிசோதனையை நான் நேரில் கண்டது 2019இல். அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஷெட் பூச்சியை நாங்கள் யாரும் தொடவில்லை. இரண்டு நாள் சுவரில் இருந்தது, மூன்றாம் நாள் காணோம். ஐந்தாம் நாள் ஷீட் உலர்த்தும் கொடிக்குக் கீழே ஓர் ஆண்பூச்சி செத்துக் கிடந்தது. எறும்பு வருமுன் பால்வெட்டும் பெண்மணியே அதை எடுத்து, நேந்திரங்காய்ச் சிப்ஸ் டப்பாவில் வைத்து என்னிடம் கொடுத்தார். அதே பூச்சியா, வேறா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஒன்றரை மாதத்தில் ஒக்கிப் புயல் வந்தது. ரப்பர் பாதி போயிற்று, கிணற்றடிக் கருவா மரம் வேரோடு சாய்ந்தது. டப்பா மட்டும் அலமாரியில், நாப்தலீன் உருண்டையோடு பத்திரமாக இருந்தது.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரிக்கு அந்துப்பூச்சி ஆய்வு செய்யும் இளம்பெண் ஒருவர் வந்திருப்பதாகப் பழைய மாணவன் சொன்னான். என் டப்பாவையும், பள்ளிக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெட்டியில் இருந்தது வெகுகாலத்துக்கு முன் ஆய்வகச் சாமான் விற்பவரிடம் பள்ளி வாங்கிய பெரிய பூச்சி. நான் ஓய்வு பெறும்போது தூக்கிப்போட இருந்தார்கள், வாங்கி வைத்துக்கொண்டேன். முப்பது வருஷம் பாடம் நடத்தியது அதைக் காட்டித்தான். கீழே அழகான எழுத்தில் "அட்லஸ் அந்துப்பூச்சி" என்று ஒட்டியிருக்கும்.

அவர் இரண்டையும் பார்த்தார். அழகு, அளவு பற்றி ஒரு வார்த்தை இல்லை. "சார், இது எங்க கெடச்சுது?" என்றுதான் கேட்டார். டப்பாப் பூச்சிக்கு இடம், தேதி எல்லாம் சொன்னேன். அதன் வயிற்று நுனியைக் கத்தரியால் நறுக்கி, காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் போட்டுச் சூடாக்கினார். சதை கரைந்து தகடு மட்டும் மிஞ்சும்வரை காத்திருந்தோம், டீ குடித்தோம். பிறகு சின்னத் தூரிகையால் தேய்த்து, ஊசியால் பிரித்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, நூலில் உள்ள படங்களோடு ஒப்பிட்டார். தப்ரபானிஸ். "எடமும் சொல்லுது, உள்ள இருக்கறதும் சொல்லுது" என்றார்.

பள்ளிக்கூடத்துப் பூச்சிக்கு வந்தார். எங்கிருந்து பிடித்தது என்று சீட்டில் இல்லை. விற்றவர் அசாமில் வாங்கினாரோ, குற்றாலத்தில் வாங்கினாரோ. வயிற்றைப் பார்த்தால், மியூசிய வண்டு எப்போதோ தின்று, வெறும் ஓடு. சொன்னார்:

"இதுக்கு வயிறும் இல்ல, ஊரும் இல்ல. நான் என்ன பேர் சொல்ல?"

காலில் ஒரு துண்டு எடுத்து மரபணுப் பார்க்கலாமே என்று கேட்டேன், படித்ததைக் காட்டிக்கொள்ளும் ஆசை. ஓர் உயிரணுப் பகுதியில் உள்ள ஒரே மரபணுவில் 658 எழுத்துகளைப் படித்து, அதைப் பார்கோடு போல வைத்து இனத்தை அடையாளம் காணலாம் என்று 2003இல் கனடாவில் பால் ஹெபர்ட் குழு முன்வைத்த முறை அது. பார்க்கலாம், ஆனால் பழைய பூச்சியில் மரபணு சிதைந்திருக்கும் என்றார். தவிர, படித்த எழுத்துகளை ஒப்பிட இடம் தெரிந்த, பெயர் உறுதியான பூச்சிகள் முதலில் வேண்டும். அங்கேயும் சுற்றிச்சுற்றி ஊர்ப்பெயருக்குத்தான் வந்து நிற்கிறது. பெரும்பனிக் காலத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றைக்கைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது நமக்கும் இலங்கைக்கும் நடுவே நடந்து போகலாம். இரு கரையிலும் ஒரே பூச்சி இருப்பதன் காரணத்தை அதில்தான் தேடுகிறார்கள். எந்தக் கரையில் எந்த ஊரில் பிடித்தது என்று எழுதி வைக்காத பூச்சி அந்தப் பேச்சில் கலந்துகொள்ள முடியாது.

அவர் எனக்குச் சீட்டு எழுதும் முறையைச் சொல்லித் தந்தார். நாடு, மாநிலம், மாவட்டம், அருகிலுள்ள ஊர், தேதி, எப்படிக் கிடைத்தது, கண்டெடுத்தவர். இனப்பெயர் தனிச் சீட்டில், அடியில். ஏனென்றால் பெயர் நாளைக்கு மாறலாம், மேல்சீட்டு மாறக்கூடாது.

வீட்டுக்கு வந்து, பத்தாம் நம்பர் ஊசி மாதிரி மெல்லிய பேனாவால் எழுதினேன். தமிழ்நாடு, கன்னியாகுமரி மாவட்டம், குலசேகரம் அருகே, ரப்பர் ஷெட்டில் செத்த நிலையில், 2017 அக்டோபர். பழக்கதோஷத்தில் கடைசி வரியில் என் பெயரைப் போட்டேன். மறுநாள் பெட்டியைப் பால்வெட்டும் பெண்மணியிடம் காட்டினேன். கண்ணாடிக்கு மேல் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இத எடுத்தது நானாக்கும் சாரே. எனக்க பேரு எங்க?"

சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். கடைசி வரியை அவரிடமே விட்டேன். அந்த எழுத்துகள் கொஞ்சம் பெரிது, ஓரத்தைத் தாண்டிப் போகின்றன.